லேப் கோட்டும் கிடாரும் கைகொடுக்காதபோது: விஞ்ஞானிகளின் உருவப்படத் தொடர் ஒன்று

சூழல்

பல துறைகள் ஒரே வளாகத்தில் இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனம் அது. பொதுமக்களை உள்ளே அழைக்கும் திறந்தநாளுக்காகத் தன் விஞ்ஞானிகளின் உருவப்படங்களை நடைபாதைச் சுவரில் மாட்ட முடிவு செய்தது. மக்கள்தொடர்புப் பிரிவு எழுதிக்கொடுத்த குறிப்பு இரண்டே வரி: விஞ்ஞானிகளும் எல்லோரையும் போன்ற மனிதர்கள்தான் என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும், படம் யாரையும் மிரட்டக் கூடாது. 20 பேர் சம்மதித்தார்கள். படக்குழுவில் மூன்று பேர்: படம் எடுப்பவர், விளக்குகளைக் கவனிக்கும் உதவியாளர், மக்கள்தொடர்புப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். கையிலிருந்த காலம் ஒன்பது வாரம்.

அந்தக் குறிப்புக்குப் பின்னால் நியாயமான ஒரு கவலை இருந்தது. ஆய்வாளர் டேவிட் வேட் சேம்பர்ஸ் 1966 முதல் 1977 வரை 4,807 சிறுவர் சிறுமியரிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். 1983-ல் அவர் வெளியிட்ட முடிவின்படி, பெண் விஞ்ஞானியைக் காட்டிய படங்கள் 28 மட்டுமே. அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். மற்றவற்றில் திரும்பத் திரும்ப வந்தது வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, தாடி, புகை கக்கும் குடுவை. இத்தகைய 78 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளிவந்த மறுஆய்வு, பெண்ணை வரையும் குழந்தைகள் கூடியிருப்பதைக் காட்டியது. ஆனால் வயது ஏற ஏறக் கோட்டும் கண்ணாடியும் படத்தில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்வதையும் அதே ஆய்வு காட்டியது. இந்தப் பிம்பத்தை உடைக்க வேண்டும் என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எதைக் கொண்டு உடைப்பது என்பதில்தான் முதல் சுற்று தவறியது.

முதல் சுற்று: 2 நாள், 6 பேர்

ஒரு கூட்ட அறையைக் காலி செய்து சாம்பல் நிறத் திரை கட்டினார்கள். 85 மி.மீ. லென்ஸ், முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில் 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி விளக்கு), எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. ஒவ்வொருவருக்கும் 40 நிமிடம். முதல் 20 நிமிடம் லேப் கோட்டோடு, கையில் நிறத்தண்ணீர் நிரப்பிய குடுவை. அடுத்த 20 நிமிடம் அவரவர் பொழுதுபோக்குப் பொருளோடு. வந்தவை ஒரு கிடார், ஒரு சதுரங்கப் பலகை, ஓடும் காலணி, செடித்தொட்டி இரண்டு, பின்னல் ஊசியும் நூலும்.

தொழில்நுட்பமாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஃபோகஸ் சரியாக இருந்தது, தோலின் நிறம் சரியாக வந்தது, கண்ணில் விளக்கின் ஒளிப்புள்ளி சரியான இடத்தில் விழுந்தது. மூன்றாம் நாள் சுமார் 900 படங்களைத் திரையில் பரப்பிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

கவனித்தவை

கோட்டுப் படங்களில் ஆறு பேருக்கும் ஒரே முகம். குடுவையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து வியப்பதுபோல் ஒரு பார்வை. அறுவரில் இருந்த வேதியியலாளர், குடுவையை அப்படி யாரும் பிடிப்பதில்லை என்று படப்பிடிப்பின்போதே சொல்லியிருந்தார். மேசையில் வைத்துத்தான் பார்ப்பார்களாம். கணிதத்தில் இருப்பவரிடம் கரும்பலகையில் ஏதாவது எழுதச் சொன்னார்கள். அவர் பள்ளிப் பாடநூல் சூத்திரம் ஒன்றை எழுதிவிட்டு, சக ஆய்வாளர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்றார். அந்தக் கூச்சம் படத்தில் அப்படியே பதிந்திருந்தது.

பொழுதுபோக்குப் படங்கள் தப்பிக்கும் என்று நினைத்தார்கள். அவையும் தப்பவில்லை. கிடாரைப் பிடித்த கையில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. செடித்தொட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கியிருந்தார்கள். குடுவை ஒரு வேஷம் என்றால் கிடாரும் வேஷம்தான். போதாக்குறைக்கு அந்தப் படங்கள் சத்தமில்லாமல் இன்னொன்றும் சொல்லின: இவர் மனிதராக இருப்பது ஆய்வகத்துக்கு வெளியேதான். மக்கள்தொடர்புப் பிரிவு சொல்ல நினைத்ததற்கு இது நேர் எதிர்.

900-க்குள் ஒரே ஒரு படம் எல்லோரையும் நிறுத்தியது. அது தேர்வுக்காக எடுத்ததே அல்ல. ஒளி அளவு பார்க்க எடுத்த டெஸ்ட் ஷாட். விளக்குத் தாங்கியின் திருகு வழுக்கி, சாஃப்ட்பாக்ஸ் மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருந்தது. உதவியாளர் இரண்டு முறை முறுக்கியும் நிற்கவில்லை. படத்துக்காக உட்கார்ந்திருந்தவர் கருவிகளை வடிவமைக்கும் இயற்பியலாளர். பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்து, திருகைக் கழற்றி, உள்ளே இருந்த வளையம் தலைகீழாக மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்து, திருப்பிப் போட்டு முறுக்கினார். அந்த நேரத்தில் விழுந்த படம் அது. கீழுதடு ஒரு பக்கமாக மடிந்திருக்கிறது, ஒரு புருவம் மேலே, கண் முழுவதும் திருகின்மேல். கோட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவரோடு 11 ஆண்டு வேலை பார்த்த ஒருவர் படத்தைப் பார்த்த உடனே, “மேடம் எதையோ ரிப்பேர் பண்றாங்க, சரிதானே?” என்றார்.

குழு இதை இப்படிப் புரிந்துகொண்டது: கேமராவைப் பற்றிய நினைப்பு முகத்தை விட்டு விலக, பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைப்பதைவிட, உண்மையாகவே முடிக்கவேண்டிய ஒரு வேலை கையில் இருப்பது வலுவான வழி. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஒளிப்படக் கலைஞர் ஃபிலிப் ஹால்ஸ்மன் 1950-களில் தன் முன் நின்றவர்களைக் குதிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அணு இயற்பியலாளர் ஓப்பன்ஹைமரும் 1958-ல் அப்படிக் கையை உயர்த்திக் குதித்தார். குதிப்பவருக்குக் குதிப்பதில்தான் கவனம், முகத்தைக் காப்பதில் இல்லை. ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1867-ல் வானியலாளர் ஜான் ஹெர்ஷலை எடுக்கும் முன் அவரைத் தலைகுளிக்கவைத்து, வெள்ளை முடியைக் கலைந்தபடி விட்டார். அலங்காரத்தைக் கூட்டாமல் கலைத்தது அங்கே வேலை செய்தது. 1951 மார்ச் 14 அன்று, 72-வது பிறந்தநாளில், பத்திரிகைப் படக்காரர் ஆர்தர் சாஸின் கேமராவுக்கு ஐன்ஸ்டைன் நாக்கை நீட்டியது, சிரிக்கச் சொன்னவர்களிடம் அலுத்துப்போன ஒரு மனிதரின் பதில்.

எதிர்வாதமும் எழுந்தது, பதிவு செய்யவேண்டியது. டிஎன்ஏ-வின் அமைப்பைக் கண்டறிந்த வாட்சனும் கிரிக்கும் அதன் மாதிரியுருவின் இருபுறமும் நிற்க, கிரிக் கணிப்புக்கோலால் சுட்டிக்காட்டும் படம் 1953 மே மாதம் ஆண்டனி பாரிங்டன் பிரவுன் எடுத்தது. அது முழுக்க முழுக்கச் சொல்லி நிற்கவைத்த படம். அதே நாளில் இருவரும் கோப்பையோடு சாய்ந்து நிற்கும் இயல்பான படங்களும் எடுக்கப்பட்டன. உலகம் நினைவில் வைத்திருப்பது நிற்கவைத்ததைத்தான். ஆகவே நிற்கவைப்பதே பாவம் என்று குழு முடிவு கட்டவில்லை. அந்தப் படத்தில் இருப்பது அவர்களே கட்டிய பொருள். நிறத்தண்ணீர்க் குடுவையை யாரும் கட்டவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் சுற்றை நிறுத்தி, 20 பேரையும் புதிதாக எடுக்கத் திட்டமிட்டார்கள். இரண்டு நாள் உழைப்பை ஒதுக்கிவைக்க ஒருங்கிணைப்பாளருக்கு மனம் வரவில்லை. டெஸ்ட் ஷாட்டைத் தேர்ந்தெடுத்த படங்களோடு பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். முதல் சுற்றில் கிடாரோடு உட்கார்ந்தவருக்கு மறுபடி நேரம் ஒதுக்க முடியவில்லை. அவருடைய கிடார்ப் படத்தையே வைத்துக்கொள்வது என்றானது. மீதி 19 பேர்.

இடம் அவரவர் வேலை செய்யும் இடம். நாளையும் படக்குழு குறிக்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி: “அடுத்த மூணு வாரத்துல, கை ஓயாம ஆனா மனசு காத்துக்கிட்டு இருக்கிற வேலை எது, என்னைக்கு?” ஒரு மாதிரி உறையும் வரை, ஒரு கணக்கு ஓடி முடியும் வரை, ஒரு கருவி வெற்றிடம் எட்டும் வரை என்று பதில் வந்தது. அந்த நேரத்துக்கே போனார்கள்.

ஒருவருக்கு 90 நிமிடம். முதல் 30 நிமிடம் கேமரா மேசைமேல் கிடக்கும், யாரும் தொடமாட்டார்கள். உதவியாளர் அறை விளக்குகளைப் பார்ப்பார், ஒருங்கிணைப்பாளர் படக்குறிப்புக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்வார். இந்த அரைமணி நேரத்தைக் குறைத்த இரண்டு அமர்வுகளிலும் நல்ல படம் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வந்தது.

யாரை விஞ்ஞானி என்று எண்ணுவது என்பதிலும் மாற்றம் வந்தது. முதல் பட்டியலில் துறைத்தலைவர்களே அதிகம். ஏற்கெனவே சம்மதித்த துறைத்தலைவர்களில் நான்கு பேர் தாங்களாகவே விலகி, தங்கள் ஆய்வகத்தின் தொழில்நுட்பர், புள்ளியியலாளர், முனைவர் பட்ட மாணவர், கண்ணாடிக் கருவி ஊதுபவர் ஆகியோரின் பெயரைக் கொடுத்தார்கள். முகம் சுளித்தவர்களும் உண்டு.

திருத்தத்துக்கு ஒரே விதி: வெளிச்சம், நிறம், தூசிப்புள்ளி, இவை தவிர எதையும் தொடுவதில்லை. தோலை மழுங்கடிப்பது, புகை சேர்ப்பது, பின்னணியை மாற்றுவது கிடையாது. ஒப்புதலுக்கு, படப்பிடிப்புக்கு முன் கையெழுத்திடும் ஒற்றைப் படிவம். இந்தக் கடைசி முடிவு போதாது என்பது பின்னால் தெரிந்தது.

இரண்டாம் சுற்று: அறைக்கு அறை

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் முதலில் மாட்டிக்கொண்டது ஒளிப்பட்டை. சத்தம் வேண்டாம் என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/320 நொடியில் எடுத்ததில், நெற்றியிலும் கன்னத்திலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. சென்சாரோ வரிவரியாகப் படிக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் வெவ்வேறு வெளிச்சம் கிடைத்ததன் அடையாளம்தான் பட்டை. ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் ஒவ்வொரு வரியும் ஒரு முழு அலையைப் பிடித்துவிடும், பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/120 அல்லது 1/60. சிறிய கேமராத் திரையில் இந்தப் பட்டை கண்ணில் படாது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். முதல் அமர்வின் பாதிப் படங்கள் இதில் வீணாயின.

அடுத்தது குனிந்த தலை. கையைப் பார்த்து வேலை செய்பவரின் கண்குழி, கூரை விளக்கின் கீழ் இருண்டுபோகும். ஃபிளாஷ் அடித்தால் இருட்டு போகும். கூடவே கவனமும் கலையும். மேசையில் அவர் கைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு வெள்ளை ஏ3 தாளை வைத்ததும் கீழிருந்து ஒளி எழும்பி முகத்தைத் தொட்டது. மேசை விரிப்பே வெள்ளையாக இருந்த இடங்களில் அதுவும் தேவைப்படவில்லை. இந்தத் தொடரில் அதிகம் உழைத்த கருவி அந்தத் தாள்தான்.

மூக்குக் கண்ணாடியில் விளக்கு தெரிவதற்கு, விளக்கை உயர்த்துவதும் காதுப்பிடியை ஒரு நூல் அளவு மேலே தூக்கிக் கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்ப்பதும் பழைய வழி. வேலை செய்பவரிடம் அதைச் சொல்ல முடியாது. படம் எடுப்பவர்தான் நகர வேண்டும். பட்ட கோணத்திலேயே ஒளி திரும்பும் என்பதால், பெரும்பாலும் அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே போதுமாக இருந்தது.

புரதப் படிக ஆய்வகம் தொடரின் மையமானது. அங்கே வேலை இப்படி: ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒரு துளி, அதில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள படிகம். ஊசிமுனையில் உள்ள நைலான் வளையத்தால் அதைத் துளியிலிருந்து மீனைப்போல் கோரி எடுத்து, காய்வதற்குள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்க வேண்டும். கோரும்போது ஆய்வாளர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். கை நடுங்கினால் படிகம் நழுவும். கண் மைக்ராஸ்கோப்பின் ஐபீஸுக்குள் (கண்வைத்துப் பார்க்கும் குழாய்) இருப்பதால் அப்போது முகமே இல்லை. படம் எடுப்பவர் முதல் ஏழு முறையும் கோரும் கணத்தையே குறிவைத்து ஏமாந்தார். எட்டாவது முறை, முக்கி முடித்த பிறகும் விரலை ஷட்டரில் இருந்து எடுக்கவில்லை. ஆய்வாளர் தலையைத் தூக்கினார். ஐபீஸ் அழுத்திய வளையம் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. பிடித்த மூச்சு வாய்வழியே போனது, நைட்ரஜன் ஆவி மோவாய்க்குக் கீழே புரண்டது. பார்வை எதன்மேலும் இல்லை. மூன்று நொடிக்குள் அது முடிந்து அடுத்த தட்டைத் தேடக் குனிந்துவிட்டார். 50 மி.மீ. லென்ஸ் இருந்திருந்தால் ஆவியும் கையும் முழுதாக வந்திருக்கும். அன்று கையில் இருந்தது 85 மி.மீ.; எஃப் 2.8, 1/100, ஐஎஸ்ஓ 1600. பிறகு மற்ற அறைகளிலும் இதே பழக்கம் தொடர்ந்தது: வேலையின் உச்சத்தை விட்டுவிட்டு, அது முடிந்த மறுகணத்துக்காகக் காத்திருப்பது.

லேசர் அறையில் ஒருங்கிணைப்பாளர் கற்றை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று புகைக்கருவி கேட்டார். ஆய்வகப் பொறுப்பாளர் மறுத்தார், காரணத்தோடு: புகைத்துளி ஆடிகளில் படியும், சக்தி கூடிய கற்றை அதன்மேல் பட்டால் பூச்சு அந்த இடத்திலேயே கருகும். சக்தி மிகுந்த மூன்றாம் பி, நான்காம் வகுப்பு லேசர்கள் ஓடும்போது எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். அந்தக் கண்ணாடி கண்ணை மறைத்துவிடும். சிதறிய கற்றை கேமராச் சென்சாரையும் பொசுக்கும். லேசரை அணைத்து, சாவியை எடுத்துப் பொறுப்பாளரின் பையில் வைத்தபிறகு, ஆடிகளைத் துடைக்கும் நேரத்தில் எடுத்தார்கள். லென்ஸ் துடைக்கும் தாளை நான்காக மடிக்கும் விரல்களின் நிதானம்தான் அந்தப் படம்.

தூசி புகாத கிளீன்ரூமுக்குள் கேமராவைக் கொண்டுபோக, அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பையை வெளியே விட்டு, லென்ஸை உள்ளே கழற்றமாட்டோம் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. ஒளியால் நுண்ணிய வடிவங்களைப் பதிக்கும் ஃபோட்டோலித்தோகிராஃபிப் பகுதியில் ஃபிளாஷ் கூடவே கூடாது: ஒளியுணர் பூச்சு நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் வினைபுரியும். அதனால்தான் அங்கே விளக்கு மஞ்சள். அந்த மஞ்சளில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் தோலின் நிறம் வராது. நீலச் சானலில் எதுவுமே பதிந்திருக்காது, இழுத்தால் மணல்மணலாக நாய்ஸ்தான் வரும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினார்கள். அப்படியும் முகமூடிக்கும் தலையுறைக்கும் நடுவே இரண்டு கண் மட்டுமே. தீர்வு வாசலில் கிடைத்தது. நான்கு மணி நேரம் கழித்து ஆய்வாளர் உடை மாற்றும் அறைக்கு வந்து முகமூடியைக் கழற்றினார். மூக்கின் இருபுறமும் அதன் தடம், நெற்றியில் தலையுறையின் கோடு, முடி ஒட்டிப்போயிருந்தது. தடம் சில நிமிடத்தில் மங்கும் என்பதால் விளக்கை முன்பே அமைத்துவைத்துக் காத்திருந்தார்கள்.

எம்ஆர்ஐ அறைக்குள் கேமராவே போகவில்லை. அந்தக் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், டிரைபாடை இழுத்துக்கொள்ளும். ஆய்வாளர் உள்ளே இருக்க, கட்டுப்பாட்டு அறைச் சன்னல் வழியே எடுத்தார்கள். சன்னலில் செப்பு வலை உண்டு; ஆட்டோஃபோகஸ் வலையிலேயே போய் நின்றது. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, துளையை முழுதாகத் திறந்து, கையால் ஃபோகஸ் செய்ததும் வலை கரைந்துபோனது.

மிகக் கடினமானவர்கள் கோட்பாட்டாளர்கள். கையில் எதுவும் இல்லை. யோசிப்பதைப் படம் எடுக்கப் போனால் மோவாயில் கைவைத்த முகம்தான் வரும். இருவர் கரும்பலகையில் வாக்குவாதம் செய்யும் நேரத்தைக் கேட்டு வாங்கினார்கள். கேமராவைப் பேசுபவர்மேல் வைத்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் திறந்த வாய், வீசிய கை. கேட்டுக்கொண்டிருந்தவர்பக்கம் திருப்பியதும் வேறு படம் கிடைத்தது: ஒத்துக்கொள்ளாதவரின் முகம், சுண்ணக்கட்டி உதட்டருகே, தான் தவறோ என்ற சந்தேகம் எட்டிப்பார்க்கும் கணம்.

தேர்வில் கழிந்தவை

நல்ல படங்கள் சில, முகத்தோடு சம்பந்தமே இல்லாத காரணங்களால் போயின. பாதுகாப்புக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்த ஒன்றை நிறுவனப் பாதுகாப்பு அலுவலர் நிராகரித்தார். அது சரியே, திறந்தநாளில் வரும் மாணவர்கள் அதைத்தான் முறை என்று எடுத்துக்கொள்வார்கள். பின்னணி ஒயிட்போர்டில் வெளியிடாத முடிவு இருந்ததால் இரண்டு கழிந்தன. இன்னொன்று சோதனை அச்சில்தான் பிடிபட்டது: உருப்பெருக்கி அறையில் மானிட்டர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில், ஆய்வாளரின் மூக்குக் கண்ணாடியில் மானிட்டர் அப்படியே தெரிந்தது, இடவலம் மாறியிருந்தாலும் வரைபடம் படிக்கும் அளவுக்குத் தெளிவு. திருத்தக் கூடாது என்பது விதி. அதை ஒட்டி எடுத்த சட்டகம் (ஷாட்) ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அது இரண்டாம் தரம்தான்.

விலகல்

தொடரின் வலுவான படம் சுவரேறவில்லை. பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன ஓர் ஆய்வாளர். மூலக்கூறுகளை நிறை வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியில் அன்று ஓட்டிய மாதிரியில் எதிர்பார்த்த உச்சி வரவில்லை, திரையில் தட்டையான கோடு. உள்ளங்கையால் வாயைப் பொத்தி, தோள் தளர்ந்து உட்கார்ந்திருந்தார். ஏழு சட்டகம். அப்போது அவர் தடுக்கவில்லை. படிவத்தில் கையெழுத்தும் இருந்தது.

சோதனை அச்சைப் பார்த்த மறுநாள் படத்தை விலக்கக் கேட்டார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிப்புக்கு வரும் மாதங்கள் அவை. அந்தச் சுவரைக் கடந்து போகிறவர்களில் அதைத் தீர்மானிப்பவர்களும் இருந்தார்கள். ஒருங்கிணைப்பாளரின் வாதம்: கையெழுத்து இருக்கிறது, தோல்வியும் ஆய்வின் பகுதி என்று காட்டத்தானே இந்தத் தொடர்? வாதம் தவறில்லை, ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் அவர் அல்ல. நிலையான பதவியில் இருக்கும் மூத்தவரின் தோல்விப் படத்தைப் பார்ப்பவர் பணிவு என்பார். ஒப்பந்தத்தில் இருப்பவரின் அதே படம் வேறு மாதிரி படிக்கப்படும். படம் விலக்கப்பட்டது. வேறொரு சட்டகம் தருவதாகச் சொன்னதை அவர் ஏற்கவில்லை. இடைவெளி விடாமல் பக்கத்துப் படங்களை நெருக்கி மாட்டினார்கள்.

அச்சும் மாட்டலும்

8256 × 5504 புள்ளிக் கோப்புகளை 75 × 50 செ.மீ. அளவில் அச்சிட்டார்கள், அங்குலத்துக்குச் சுமார் 280 புள்ளி, கைதொடும் தூரத்தில் பார்க்கப் போதும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் பருத்தித் தாள், கண்ணாடி இல்லை. படத்தின் மையம் தரையிலிருந்து 145 செ.மீ. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது உயரம் என்பது திறந்தநாளன்றுதான் உறைத்தது.

படக்குறிப்பின் முதல் வடிவில் பட்டமும் பதவியும் விருதும் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெயருக்குக் கீழே 40 சொல்லுக்குள் இரண்டே விஷயம் வைத்தார்கள்: கையில் இருப்பது என்ன, எதற்காகக் காத்திருக்கிறார்.

பின்விளைவு

திறந்தநாளில் 19 படங்கள் சுவரில் இருந்தன. பார்வையாளர் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று யாரும் எண்ணவில்லை. நடைபாதையில் நின்றவர்கள் கேட்டுக் குறித்தவை மட்டுமே உண்டு. படிகப் படத்தின் முன் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகை: அந்த வளையத்தில் என்ன இருக்கிறது, நழுவிவிட்டால் என்ன ஆகும். கிளீன்ரூம் படத்தின் முன் சிறுவர்கள் தங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். கிடார்ப் படத்தின் முன் கேட்டவை கிடாரைப் பற்றி. அந்த ஆய்வாளர் பக்கத்திலேயே நின்றிருந்தும் அவருடைய ஆய்வைப் பற்றி அங்கே பேச்சு எழவில்லை. ஒரே படம், அதுவும் வாசலை ஒட்டி மாட்டியது என்பதால் இதை நிரூபணமாகக் கொள்ளக் கூடாது. ஆனால் குழு எதிர்பார்த்ததோடு அது ஒத்துப்போனது.

நான்கு பேர் தங்கள் படத்தின் பிரதியை வீட்டுக்குக் கேட்டார்கள். ஒருவர், தன் முகம் இவ்வளவு கடுகடுப்பாக இருக்கும் என்று தெரியாது என்று சொல்லிவிட்டு, படத்தைச் சுவரிலிருந்து எடுக்கவேண்டாம் என்றார். கண்ணாடிக் கருவி ஊதுபவரின் படத்தின் முன் மூத்த ஆய்வாளர்கள் பலர் நின்றார்கள். அவர் செய்த கருவிகளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியும், அவரை நேரில் பார்த்திராதவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

மாற்ற வேண்டியவை

ஒப்புதல் இரண்டு கட்டமாக வேண்டும். படம் எடுக்க ஒன்று. அச்சைப் பார்த்தபின், எங்கே எவ்வளவு காலம் என்று குறித்து இன்னொன்று. இரண்டாவதில் காரணம் கேட்காமல் விலகும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். பணிநிலை உறுதியாகாதவர்களுக்குப் படப்பிடிப்புக்கு முன்பே இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

19-ல் 11 படங்களில் தலை குனிந்திருக்கிறது. தனித்தனியே பார்த்தால் நல்லவை; வரிசையில் பார்த்தால் ஒரே ராகம். வேலை செய்யும் முகம் என்ற விதியை இறுக்கிப் பிடித்ததன் விளைவு இது. அமர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில், கை இன்னும் ஈரமாக இருக்கும்போதே, கேமராவை நேராகப் பார்க்கச் சொல்லி ஆறேழு படமாவது எடுத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு அலுவலரும் துறையின் ஓர் ஆளும் கோப்புகளைத் தேர்வுக்கு முன்பே, முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கண்ணாடி, கண்மணி, பளபளக்கும் உலோகம், ஒயிட்போர்டு என்று இந்த நான்கையும் பார்த்தாலே பெரும்பாலானவை அகப்படும். சோதனை அச்சுவரை காத்திருந்ததில் ஒரு வாரம் போனது.

கோட்பாட்டாளர்களுக்கு 90 நிமிடம் போதாது. இரண்டு வெவ்வேறு நாள் வேண்டும்.

விலக்கிய படத்தின் ஏழு சட்டகங்களையும் கேமரா அட்டை, கணினி, இரண்டு காப்பு வட்டுகள் என நான்கு இடத்திலிருந்தும் அன்றே அழித்தார்கள். மூன்று வாரம் கழித்து, தேர்வின்போது கைபேசிக் குழுவில் பகிர்ந்த சிறிய பிரதி ஒன்று அங்கேயே கிடப்பது தெரியவந்தது. தேர்வுப் படங்களைக் கைபேசியில் அனுப்புவது அதோடு நிறுத்தப்பட்டது. இப்போது ஒரே திரையின் முன் எல்லோரும் கூடி உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள்.